கால்நடை அறிக்கைகளுக்குப் பின்னால்

அல்சூர் பவுலினைப் போல டைப் அடிக்க அந்தக் கல்லூரியில் ஆளில்லை. 1934இல், பத்தொன்பது வயதில், அதன் நூலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவள். புத்தகத்துக்கு ஒரு அட்டவணைக் கார்டு என்று இரண்டே வருஷத்தில் ஒன்பதாயிரம் கார்டு அடித்துத் தள்ளினாள். ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகும் உரிமை அவளுக்கு இல்லை. அது மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும்தான். என்ன நியாயமோ!

அதுவரை புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் சிறையில் கிடந்தன. நூலகர் சீனிவாசராகவன்தான் போராடிப் பூட்டுகளைக் கழற்ற வைத்தார். மாணவர்கள் தாங்களே உள்ளே போய்ப் புத்தகத்தைத் தொட்டு எடுக்கலாம்! முதல் நாள் கூட்டத்தைப் பார்த்துப் பவுலினுக்குத் தலைகால் புரியவில்லை. பிரின்சிபல் வெங்கடகிருஷ்ணன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: வருஷ முடிவில் பத்துப் புத்தகத்துக்கு மேல் காணாமல் போனால் மறுபடியும் பூட்டுதான்.

வருஷம் முடிந்தது. எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தொரு புத்தகம் இல்லை.

பிரின்சிபல் பூட்டுகளைக் கோணிப்பையிலேயே கொண்டுவந்துவிட்டார். சீனிவாசராகவன் முகத்தில் ஈயாடவில்லை. பவுலின் பட்டியலைப் படித்தாள். பத்தொன்பதாவது பெயரில் கண் நின்றது. அந்த நாவல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் மத்தியானம் படிப்பதற்காக, வேறு யார் கையிலும் சிக்காமல் அவளே ஒளித்து வைத்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அலமாரிகளுக்குப் பூட்டு விழும்.

விறுவிறுவென்று போய், கால்நடை இலாகா அறிக்கைகளுக்குப் பின்னால் கையை விட்டு, நாவலை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான் சார் ஒளிச்சு வெச்சேன். திருடலை சார், படிக்கத்தான்! நானே இப்படிச் செஞ்சிருக்கேன்னா பசங்க சும்மா இருப்பாங்களா? யாரும் தொடாத ஷெல்ஃபா பார்த்துத் தேடுங்க சார்!"

தேடினார்கள். லத்தீன் அகராதிகளுக்குப் பின்னால் ஆறு. மழைக் கணக்குப் பதிவேடுகளுக்குப் பின்னால் ஒன்பது! பரீட்சைக்கு வேண்டியதை அடுத்தவன் எடுத்துவிடக் கூடாதென்று பதுக்கியிருந்தார்கள் பயல்கள். ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க, சீனிவாசராகவன் சின்னப் பிள்ளை மாதிரி கூவினார். கடைசியில் காணாமல் போனவை நாலே நாலு.

பிரின்சிபல் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று பவுலினைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கதை முடிஞ்சுடுத்தா?"

"இன்னும் அறுபது பக்கம் இருக்கு சார்."

"ராகவன், புஸ்தகம் எடுக்க இந்தப் பொண்ணு பேர்லயும் ஒரு கார்டு போட்டுடும்."

அந்தக் கார்டையும் அவள்தான் அடிக்க வேண்டியிருந்தது. ஒன்பதாயிரம் கார்டு பிசகாமல் அடித்த விரல்கள், தன் பெயரை அடித்து முடிப்பதற்குள் மூன்று கார்டுகளைப் பாழாக்கின.