கோழிக்கூட்டில் கிடந்த ஊதா

குமெர்சிந்தா டிடிகாகா ஏரிக்கரையில் மீன் விற்பவள். புருஷன் வலை வீசிக் கொண்டுவரும் விரல் நீள இஸ்பி மீனை மொறுமொறுவென்று பொரித்துப் படகுத்துறையில் கொடுப்பாள். ஆனால் அவளிடம் கூட்டம் சேர்வது மீனுக்காக மட்டும் அல்ல, சேதிக்காகவும்தான். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தக் கல்யாணம் எதனால் நின்றது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரியாத சங்கதி ஒன்று இருந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவள் அம்மா வழியே அப்படித்தான். தாய்மாமன் ஒருவர் பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்க்கப் போய், மண்சுவரோடு சேர்ந்து சண்டைக்காரர்கள் நடுவிலேயே விழுந்தவர்.

அந்த ஊர்த் திருவிழாவில் பெண்கள் குழு குழுவாக ஆடி வருவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வருஷா வருஷம் புதுப் பாவாடை, புதுச் சால்வை. நிறம் மட்டும் பரம ரகசியம். சதுக்கத்துக்குள் திரும்பும் நிமிஷத்தில்தான் ஊர் பார்க்க வேண்டும். முன்பே தெரிந்துவிட்டால் சப்பென்று போய்விடும். இரண்டு குழு ஒரே நிறத்தில் வந்துவிட்டாலோ, அந்த வருஷம் முழுக்கத் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஒரு குழுவுக்கு குமெர்சிந்தாவின் அண்ணன் மனைவி பிரிமித்திவா தலைவி. எதிர்க்குழுவுக்கு செனோவியா. இருவரின் அப்பாக்களும் கூடப் பிறந்தவர்கள். போட்டி அவ்வளவு கடுமையாக இருந்ததற்கு அதுவே காரணம்.

முன்னொரு வருஷம் மீன் பொரிக்கும்போது பேச்சுவாக்கில் குமெர்சிந்தா தான் ஆடிய அண்ணி குழுவின் நிறத்தைச் சொல்லிவிட்டாள். அன்றோடு குழுவிலிருந்து தள்ளிவிட்டார்கள். அதன்பிறகு விழா நாளில் சட்டிக்குப் பின்னால் நின்றபடிதான் ஆட்டம் பார்த்தாள். கை மீனைப் புரட்டும், கால் தரையில் தாளம் போடும். இந்த வருஷம் பிரிமித்திவாவே வீடு தேடி வந்தாள்.

"உங்க அண்ணன் நச்சரிப்பு தாங்கல. வந்து ஆடு. ஆனா விழா காலைல துணி மூட்டையப் பிரிக்கிற வரைக்கும் நிறம் உனக்குத் தெரியக்கூடாது. பாத்தேன்னு தெரிஞ்சுது, மறுபடி மீன் சட்டிதான்."

"என் கண்ண வேணும்னா நீங்களே வச்சுக்குங்க அண்ணி."

"கண்ண வச்சு நான் என்ன பண்ண? உன் வாயக் குடு."

குழுவுக்குத் தைக்கும் ரூஃபினா வீட்டில் கண்ணைக் கட்டித்தான் அளவெடுத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒருநாள் முட்டை வாங்க அங்கேயே போனாள். ரூஃபினா மெஷினை விட்டு எழவில்லை. "நீயே எடுத்துக்கடி," என்றாள் உள்ளேயிருந்து.

முட்டைமேல் உட்கார்ந்திருந்த கோழிக்கு அடியில், வைக்கோலோடு துணி நறுக்கும் கிடந்தது போலிருந்தது. பெருக்கித் தள்ளியதில் சேர்ந்திருக்கும். குமெர்சிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய முகம் தானாக மறுபடி திரும்பியது. கையை உள்ளே விட்டாள். கோழி கொத்தியது. இன்னும் உள்ளே விட்டாள். அது விடாமல் கொத்தியது. கடைசியில் விரலகல வெல்வெட்டு ஒன்று வெளியே வந்தது. உருளைக்கிழங்குப் பூவின் ஊதா! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நறுக்கை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, முட்டையை மறந்து வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறக்கவே இல்லை. "உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று புருஷன் பயந்துபோய்க் கேட்டான்.

அப்படியே இருந்திருந்தால் ஆடியிருப்பாள். ஆனால் விழாவுக்கு முந்தின வாரம் செருப்புக்காரர் வீட்டு வாசலில் சாயம் பூசிய புதுச் செருப்புகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அதே ஊதா.

"யாருக்குண்ணே இவ்வளவும்?"

"செனோவியா ஆளுங்களுக்கு. பாவாடைத் துணியக் கொண்டாந்து காட்டி, இதே நிறத்துல வேணும்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத தாயி."

சொன்னால் ஆட்டம் போகும். சொல்லாவிட்டால் அண்ணியின் மானம் போகும், அவளோடு குழு முழுக்கத் தலைகுனியும். துறைக்கும் வீட்டுக்குமாக நடந்து பார்த்தாள். கடைசியில் பிரிமித்திவா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நம்ம நிறத்துலயே வேற யாராச்சும் வந்துட்டா?"

பிரிமித்திவா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். புறங்கை முழுக்கக் கொத்துக் காயம்.

"ரூஃபினா கோழியா?"

"ஆமா அண்ணி."

"முட்டை எடுத்தியா?"

"இல்ல."

"அப்ப துணியத்தான் எடுத்திருக்க."

குமெர்சிந்தா செருப்பு விஷயத்தைக் கொட்டிவிட்டாள். பிரிமித்திவா அங்கேயே கணக்குப் போட்டாள். பாவாடை தைத்து முடிந்தாயிற்று, இனி மாற்ற முடியாது. சால்வையை மாற்றலாம். மறுநாளே பெருநகரான எல் ஆல்டோவின் சந்தைக்குப் பஸ் ஏறினாள். ஏறும்போது, வழியனுப்ப வந்த குமெர்சிந்தாவிடம் சொன்னாள்: "நல்ல வேல செஞ்ச. பாவாடை உன்னுதுதான், கட்டிக்க. ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். சட்டியக் கழுவி வை."

விழாவில் செனோவியாவின் குழு முதலில் வந்தது. ஊதாப் பாவாடை, ஊதாச் செருப்பு, வெள்ளைச் சால்வை. ஊரே கைதட்டியது. பின்னாலேயே பிரிமித்திவாவின் குழு திரும்பியது. கீழே அதே ஊதா, மேலே முற்றிய கினுவாத் தானியக் கதிரின் மஞ்சள், ஜிகினா மின்ன. அத்தனை செல்போனும் ஒன்றாக உயர்ந்தன. "பூத்த கிழங்கு வயல்ல வெயில் எறங்குன மாதிரி இருக்குடி," என்றாள் ஒருத்தி. குமெர்சிந்தாவின் மீன் அன்றைக்குக் கொஞ்சம் கருகியது.

ஆட்டம் முடிந்து பொதுச்சாப்பாடு. எல்லோரும் முதுகில் கட்டிவந்த மூட்டைத்துணியைச் சதுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டி விரித்து, கொண்டுவந்ததை நடுவில் கொட்டினார்கள். பனியில் உறைய வைத்துக் காயவைத்த கறுப்புக் கிழங்கு, அவித்த மொச்சை, பாலாடைக்கட்டி, அரைத்த மிளகாய். தட்டு கிடையாது, கைதான். குமெர்சிந்தா ஊதாப் பாவாடையோடும் பழைய பழுப்புச் சால்வையோடும் மீனைக் கொட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

செனோவியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னடி, பாவாடை இருக்கு, சால்வையக் காணோம்? மறுபடி தள்ளிட்டாளா?"

"தள்ளிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. அடுத்த வருஷம் எங்க கூட வா. எங்க நிறத்தக் கேட்டா நீ மாட்டேன்னே சொல்லமாட்ட." குனிந்து காதில் ஒரு வார்த்தை சொன்னாள். குமெர்சிந்தாவின் கையில் எடுத்த மீன் வாய்க்குப் போகாமல் நின்றது.

செனோவியா எழுந்து போனதும், எதிர் வரிசையிலிருந்து பிரிமித்திவா இடம் மாறி வந்தாள்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"நிறமா?"

குமெர்சிந்தா மொச்சையை உரித்தாள்.

"அடியே, அடுத்த வருஷம் நீ ஆடுற. இப்ப சொல்லித் தொலை."

"அது அடுத்த வருஷப் பேச்சு அண்ணி. மீன் ஆறுது, சாப்பிடுங்க."

பிரிமித்திவா ஒரு மீனைக் கையில் எடுத்தாள், பிறகு துணியிலேயே வைத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.