இரண்டு மூடி அரிஷ்டம்

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். செங்கம் ரோட்டில் தங்குகிற வெளியூர்க்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதுதான் பாதிப் பிழைப்பு. எட்டாவதோடு படிப்பு நின்றது. என் மகள் விமானம் ஓட்டுகிறாள்.

இறக்கையில் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானம். சின்ன கம்பெனி. அங்கே பறந்த மணிக்கணக்கு ஒரு நோட்டில் ஏற வேண்டும். அது சேர்ந்தால்தான் பெரிய கம்பெனி திரும்பிப் பார்க்கும். எங்கள் தொழிலிலும் வேன் ஓட்டிப் பழகியவனைத்தான் பஸ்ஸில் ஏற்றுவார்கள். அதனால் எனக்குப் புரிந்தது. நான்கு வருடம் ஓட்டினாள். பெரிய கம்பெனியில் பரீட்சை, நேர்காணல் எல்லாம் முடிந்தது. வேலை உத்தரவு வருவதுதான் பாக்கி.

அந்த வாரம் லீவில் வந்தவளுக்கு இருமல். கண்ட மாத்திரையும் போடக் கூடாதாம். கம்பெனி டாக்டரைக் கேட்க வேண்டுமாம். நான் நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கினேன். கண்ணாடி பாட்டில் வண்டியில் உடையும் என்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன்.

லீவு முடிந்த அன்று மதியமே அவளுக்கு வேலை. நானே கொண்டுபோய் விட்டேன். ஏர்போர்ட் வாசலில் மறுபடி இருமினாள். மூடியில் ஊற்றி நீட்டினேன்.

"என்னப்பா இது?"

"நாட்டு மருந்துதான். வீட்ல எல்லாரும் குடிக்கிறது. மூஞ்சிய சுளிக்காம குடி."

"வந்துட்டாரு டாக்டரு."

சிரித்துக்கொண்டே இரண்டு மூடி குடித்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. வண்டியைத் திருப்பினேன். யூனிஃபார்மோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"ப்ளேன் ஏறலியா?"

"ஊதச் சொன்னாங்க. ஆல்கஹால் காட்டுது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊதினேன். அப்பவும் காட்டுது. மூணு மாசம் பறக்கக் கூடாதுப்பா."

வீட்டுக்கு வந்துதான் அந்தக் கண்ணாடி பாட்டிலைப் படித்தேன். புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் உள்ளது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"தப்பு என்னுதுன்னு நான் வந்து சொல்றேன்."

"யாரு குடுத்தாங்கன்னு கேக்க மாட்டாங்கப்பா. ஊதினது நானு."

வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கள்கிழமை மனு எழுதிக்கொண்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். சாட்சிக்கு அரிஷ்ட பாட்டிலும் எடுத்துப் போனேன். வாசலில் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்னாய்யா பாட்டில்ல? மண்ணெண்ணெயா?"

"மருந்துங்க."

வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார். பட்டா கேட்டு வந்தவர்கள் நடுவில் நின்றேன். அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார்.

"ஐயா, ஏரோப்ளேன் எங்க கையில இல்லீங்க. அதெல்லாம் டெல்லி."

ஆனாலும் ரசீது கொடுத்தார். மகளிடம் காட்டினேன்.

"பத்திரமா வை. எனக்குப் பதிலா கலெக்டர் வந்து ஊதட்டும்" என்றாள். அதற்கு என்னைத் திட்டியே இருக்கலாம்.

பெரிய கம்பெனிக்கு அவளே நடந்ததை எழுதினாள். சொல்லாமல் விட்டால் என்ன என்று கேட்டேன்.

"ரெக்கார்டுல ஏறிடுச்சு. எப்படியும் தெரியும்பா."

பத்து நாளில் பதில் வந்தது. போனைப் பார்த்துப் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"இப்ப எடுக்க மாட்டாங்களாம்."

"அப்புறம் எடுப்பாங்களா?"

"அதெல்லாம் எழுதல."

இருமல் இன்னும் போகவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்து டம்ளரில் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கினாள். முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தாள்.