காலி மூடி

எங்கள் ஷூ கம்பெனியில் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மதிய மணி அடித்ததும் கை கழுவிக்கொண்டு பின்பக்க ஷெட்டில் வட்டமாக உட்காருவோம். டப்பாவைத் திறந்து மூடியை மல்லாக்க நடுவில் வைப்போம். ஒவ்வொருத்தியும் தன் குழம்போ பொரியலோ எதுவானாலும் மற்றவர்களின் மூடியில் ஒரு கரண்டி வைத்த பிறகுதான் தன் சோற்றில் கை வைப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. வீட்டில் அன்றைக்கு வெறும் ரசம்தான் என்றாலும் மூடியில் ஒருத்தியின் கத்தரிக்காயும் இன்னொருத்தியின் கருவாடும் வந்து விழும். தினமும் சமைக்கிறவளுக்கு, அடுத்தவள் சமைத்ததைச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய சுகம் என்று சமைக்காதவர்களுக்குத் தெரியாது.

எனக்கு வந்த வியாதி முதலில் பிடுங்கிக்கொண்டது அந்தச் சுகத்தைத்தான்.

ரத்தம் கம்மி, ரத்தம் கம்மி என்று வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். வயிறு உப்பும், திடீரென்று போகும், எலும்பெல்லாம் வலிக்கும். கேஸ் என்றார்கள், வயசு என்றார்கள். எனக்கு வேலை செக்கிங்கில். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நூல் தப்பிய இடத்திலும் தோலில் கீறல் இருக்கிற இடத்திலும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நாள் நின்றபடியே மயங்கி அந்த மேஜை மேலேயே சாய்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு வேலூருக்குப் போய், வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து, இனி கோதுமையே ஆகாது என்றார்கள். சீலியாக் என்று பேர். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற பசைச்சத்து என் குடலைக் கெடுத்துக்கொண்டிருந்ததாம். மாத்திரை கிடையாது. துளிகூட உள்ளே போகக் கூடாது, ஆயுசு முழுக்க அதுதான் வைத்தியம்.

எதைச் சாப்பிடலாம் என்று சொல்லித் தருகிற அறையில் என் பக்கத்தில் வடக்கே எங்கிருந்தோ வந்த ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்கும் இதே வியாதி. அந்த அம்மா ரொட்டி, ரொட்டி என்று சொல்லிச் சொல்லி அழுதார். சொல்லித் தருகிற பெண் என் பக்கம் திரும்பி, "நீங்க குடுத்து வெச்சவங்கம்மா. அரிசி சாப்புடற ஊரு" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அந்த அம்மாவைப் பார்த்துப் பாவப்படவும் செய்தேன்.

அந்த வருஷம்தான் கட்டி முடித்திருந்த வீட்டுக்கு வந்தால், என் கணவருக்குச் சர்க்கரை. அவருடைய டாக்டர் அரிசியைக் கம்மி பண்ணச் சொல்லி, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் உட்கார்ந்து யோசித்துவிட்டு, "ஒனுக்கு கோதும ஆவாது, எனக்கு அரிசி ஆவாது. பொருத்தம் பாத்த ஜோசியன் இப்ப உயிரோட இல்ல, இருந்தா கேக்கலாம்" என்றார். சிரித்தோம். ஆனால் மாவு பறக்கிற சமையலறையில் என்னால் நிற்க முடியாது என்று ஆனபோது சிரிப்பு நின்றுபோயிற்று. தோசைக்கல் இரண்டு, வாணலி இரண்டு, கரண்டிகள் இரண்டு செட். அவர் முன்னால் சப்பாத்தி போட்டுச் சாப்பிட்டுவிட்டு மேடையைத் துடைத்துத் தருவார். அதற்குப் பிறகு நான் எனக்குப் பொங்கிக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து சாப்பிட்டவர்கள், இப்போது ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் டிவி பார்க்கிறோம்.

கொடுத்து வைத்தவள்! அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அரிசி சாப்பிடுகிற ஊரில் கோதுமை எங்கே எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள். அது விழாத சாம்பாரும் ரசமும் எந்த வீட்டில் இருக்கிறது? பஜ்ஜி மாவில் மைதா. கோவிலுக்குப் போனால் கேசரி. சாவு வீட்டில் டீயும் பன்னும். கல்யாண வீட்டில் ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே மசால் தோசையும் ஊற்றுவார்கள். பழுதைத் தேடிப் பழகிய கண் இப்போது எல்லாத் தட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றால் ஒரே பதில்தான். "ஒரு வாய் சாப்ட்டா இன்னா ஆய்டும்?"

ஷெட்டில் என்ன செய்வது? ஒருத்தி டப்பாவில் நேற்று ரவை உப்புமா இருந்திருக்கும். இன்னொருத்தி சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து அதே கரண்டியைச் சட்னியில் விடுவாள். ஒரே கரண்டி எல்லா மூடிக்கும் போகும். முதல் வாரம் மூடியை வைத்துக்கொண்டு, கரண்டி வரும்போது கையால் மறைத்தேன். கையால் மறைப்பதைவிட மூடி இல்லாமல் இருப்பது மேல் என்று தோன்றியது. பிறகு மூடியைப் பையிலேயே விட்டுவிட்டேன். நானும் யாருக்கும் எதுவும் வைக்கவில்லை. வாங்காமல் கொடுத்தால் அது பிச்சை போடுகிற மாதிரி இருந்தது. வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவர்கள் கைகள் என் முன்னால் குறுக்கே போய் அடுத்தவளிடம் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்குமா?

இதில் இன்னொன்றை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வட்டத்தில் இருக்கிறவர்கள் ஒரே சாதி இல்லை, ஒரே மதமும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தி வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வியாதி என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. கோதுமை சாப்பிட்டால் வியாதி என்று யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? அதுவும் இத்தனை வருஷம் பரோட்டா தின்றவளுக்கு! ஒரு நாள் குழாயடியில் நான் தூணுக்குப் பின்னால் டப்பா கழுவிக்கொண்டிருக்கும்போது, அணைக்கட்டு ஊரிலிருந்து வருகிற எங்கள் வட்டத்துப் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "முன்னல்லாம் நம்ம கையால துன்னாளே. இப்ப வூடு கட்னதும் தீட்டு வந்துட்ச்சி."

திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் என்ன சொல்லிச் சண்டை போடுவது? குடலைக் கழற்றிக் காட்டவா? குழாயை மூடிவிட்டு மேஜைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ஒட்டிய ஸ்டிக்கர்கள் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்த மாதிரி இருந்த நாளில்தான் நோன்பு மாதம் வந்தது. எங்கள் வட்டத்தில் பெரியவர் பேக்கிங்கில் இருக்கிற ஆபா. உருது பேசுகிறவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாங்கள் எல்லோருமே அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நோன்பு மாதத்தில் ஆபா ஷெட்டுக்கு வர மாட்டார், பேக்கிங் ஹால் ஜன்னலோரம் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். நான் என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டேன். நோன்பிருக்கிறவர் முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று தயங்கினால், "நீ துன்னு. நா பாக்கறதால என் நோன்பு ஒடஞ்சிடாது" என்றார். அந்த மாதம் முழுக்க அப்படித்தான். அவரால் சாப்பிட முடியாது, என்னால் மற்றவர்கள் கொடுப்பதைச் சாப்பிட முடியாது. வியாதி வந்த பிறகு தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பே வராமல் நான் சாப்பிட்டது அந்த மாதம்தான்.

ஒரு நாள் ஆபா கேட்டார். "அரிசி ஆவும்ல?"

"அரிசி ஆவும் ஆபா."

"பாலு? நெய்யி? முந்திரி?"

"எல்லாம் ஆவும்."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

ரம்ஜான் முடிந்து அடுத்த நாள் சனிக்கிழமை. வருஷா வருஷம் ஆபா தூக்கில் ஷீர் குருமா கொண்டுவருவார். பால், பேரீச்சம்பழம், முந்திரி, நெய்யில் வறுத்த சேமியா போட்ட பாயசம். சேமியா கோதுமை. எனக்கு இல்லை என்று மனசைத் தயார் செய்துகொண்டுதான் ஷெட்டுக்குப் போனேன். ஆபா எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். புது டப்பா, மேலே ஒட்டின கடைச் சீட்டுகூட இன்னும் பாதி இருந்தது.

"இது ஒனுக்கு. அரிசி சேமியா. வேலூர்ல தேடி வாங்கினேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி, எல்லாம் தனி" என்றார்.

மூடியைத் திறந்தேன். நெய் மணம். ஆபா வட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். "முந்திரி திராட்ச மட்டும் பெரிய வாணலில வறுத்தேன். சேமியா வறுத்த நெய்யிலியே வறுத்தாத்தான் அந்த வாசன வரும்."

கோதுமைச் சேமியா வறுத்த நெய்யில்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அணைக்கட்டுப் பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இப்போது வேண்டாம் என்று சொன்னால், எனக்காகப் புது டப்பா வாங்கிய ஒரு முஸ்லிம் பெண்ணின் கைச்சோற்றை வேண்டாம் என்று சொன்னவளாவேன். அதற்குப் பிறகு எந்த டாக்டர் சீட்டைக் காட்டினாலும் எடுபடாது. சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்டேன். கடைசி முந்திரிவரை வழித்துச் சாப்பிட்டேன். ரொம்ப நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் ஞாயிறு என்பது வசதியாகப் போயிற்று. அந்த நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பாத்ரூமுக்கும் பாய்க்கும் நடுவில் கழிந்தது. கணவர் ஓஆர்எஸ் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொண்டு, "இன்னா துன்ன, இன்னா துன்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டால் ஆபாவுக்குத் தெரிந்துவிடும் என்று எழுந்து போனேன். மதியம் ஷெட்டில் உட்கார்ந்ததும் ஒருத்தி என் டப்பாவின் மூடியை உரிமையோடு இழுத்து மல்லாக்க வைத்தாள். "அன்னிக்கி சாப்ட்டியே, ஒண்ணும் ஆவல பாத்தியா" என்று சாம்பார் ஊற்றினாள். அணைக்கட்டுப் பெண் சப்பாத்தியில் பாதி பிய்த்து வைத்தாள், என் கையைத் தொட்டு, "தப்பா நெனச்சுட்டேன்க்கா" என்று வேறு சொன்னாள். கத்தரிக்காய் விழுந்தது, அவியல் விழுந்தது. இத்தனை மாதமாக நான் ஏங்கிய மூடி என் முன்னால் நிரம்பி வழிந்தது. எனக்கோ அந்த வாசனையிலேயே குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

முகம் கழுவி நிமிர்ந்தபோது ஆபா கதவருகே நின்றிருந்தார்.

"முந்திரியா?" என்று கேட்டார். "அந்த நெய்யா? தெரிஞ்சே துன்னியா?"

"தெரிஞ்சுதான் ஆபா."

"நா தெரியாம குடுத்தேன். நீ தெரிஞ்சி துன்ன. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வெஷம் குடுத்தவளா ஆக்கிட்டியே என்ன."

"வேணாம்னு சொன்னா வேற மாதிரி நெனப்பாங்கன்னுதான்."

"யாரு? நானா?"

ஆபா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "நெனச்சேன். மொதல்ல நானும் நெனச்சேன். நோன்புல நீ என்கிட்ட வந்து ஒக்காந்தப்புறம்தான் அந்த நெனப்ப வுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆபா என்னிடம் பேசவில்லை. வட்டத்தில் விஷயம் எப்படிப் பரவியது என்று தெரியாது, என் மூடிக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை. பயந்துவிட்டார்கள். முன்பு கோபித்துக்கொண்டு விலகியவர்கள் இப்போது பாவப்பட்டு விலகினார்கள். எது மேல் என்றால் கோபம்தான் மேல். கோபக்காரியிடம் என்றைக்காவது சமாதானம் பேசலாம். மூடியை மறுபடியும் பைக்குள் போட்டேன்.

பிறகு ஒரு மதியம், ஆபா வட்டத்தில் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே கையை நீட்டி, என் பையிலிருந்து மூடியை எடுத்து மல்லாக்க வைத்தார். தன் டப்பாவுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றியிருந்த அவித்த முட்டையை எடுத்து ஓட்டோடு அதில் வைத்தார். அது உருண்டு ஓரத்தில் போய் நின்றது. மற்ற மூடிகளில் குழம்பும் பொரியலும் விழுந்துகொண்டிருந்தன. என்னுடையதில் அந்த ஒரு முட்டைதான்.

"இன்னா ஆபா, உரிச்சுக் குடுக்கக் கூடாதா?" என்று அணைக்கட்டுப் பெண் கேட்டாள்.

"என் கை பட்டா அவளுக்கு ஆவாதுமா" என்றார் ஆபா. "கோழி போட்டது மட்டும்தான் ஆவும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆபா சிரிக்கவில்லை. மூடி விளிம்பில் முட்டையைத் தட்டினேன். என் கையாலேயே ஓட்டை உரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிட்டேன். நான் முழுசாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை ஆபா தன் சோற்றில் கை வைக்கவில்லை.