தோடிக்கு நடுவே வடை

சங்கீதம் தெரிந்தவர்களோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம். சங்கீதம் கேட்கத் தெரிந்தவர்கள் என்று தங்களைத் தாங்களே நியமித்துக்கொண்டவர்களோடுதான் கஷ்டம். எண்பத்துநாலாம் ஆண்டில் அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் நயினாதீவுக்காரி. காலையில் வள்ளம் ஏறிக் குறிகட்டுவான் துறையில் இறங்கி, புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் பாடுவதை நாள் முழுக்கக் கேட்கிறவளுக்குப் பின்னேரம் நல்லதாக ஒன்றைக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. அந்தப் பலவீனம்தான் என்னை இவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒருவர் முதலாளி. தெற்கே ஒரு ஊரில் புடவைக்கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோக, மனைவியோடு புங்குடுதீவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கடை இல்லாவிட்டாலும் ஊர் அவரை முதலாளி என்றே கூப்பிட்டது. அவரும் அதைத் திருத்தவில்லை. விறாந்தையில் ஒரு கதிரை, பக்கத்தில் ஒரு கசெற் றேடியோ, அதில் நாள் முழுக்கக் கச்சேரி. வந்து ஆறு மாதத்துக்குள், தை மாதத்தில், மனைவி நோயில் விழுந்து இறந்துபோனார். மகள் லண்டனில். அதன் பிறகு கதிரையும் கச்சேரியும் மட்டும்தான்.

மற்றவர் நெடுந்தீவு டொக்டர். அவர் டொக்டர் அல்ல, மருந்து கலந்து கொடுக்கிற அப்போதிக்கரி. சொந்தமாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். காய்ச்சல்காரரிடம் அன்பாக இருப்பார். இருமல்காரரைக் கண்டால் மட்டும் முகம் இறுகிவிடும். கச்சேரிகளில் இருமுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள் என்பது அவருடைய எண்ணம். ஜெர்மனியில் இருந்த தம்பி அவருக்கு இரண்டு கசெற் போடுகிற பெரிய மெஷின் ஒன்றும் ஹெட்போனும் அனுப்பியிருந்தான். ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதியலாம். தீவுப் பகுதியிலேயே அது ஒன்றுதான் என்று அவரே சொன்னார். யாரும் தேடிப் பார்க்கவில்லை.

எங்கள் மூவரின் கச்சேரிக் கசெற்றுகள் தீவுக்குத் தீவு வள்ளத்தில் போய் வந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கசெற்றில் பேசி அனுப்புகிற பழக்கம் அப்போது வீட்டுக்கு வீடு இருந்ததல்லவா, அதை நாங்கள் சங்கீதத்துக்குத் திருப்பிக்கொண்டோம். கச்சேரி முடிந்து மிஞ்சுகிற நாடாவில் கேட்டவர் தன் கருத்தைப் பேசிப் பதிய வேண்டும். அடுத்தவர் அதற்குக் கீழே தன் கருத்தை. முதலாளியின் கருத்து ஒரு வரி: "டொக்டர் சொன்னது பிழை." டொக்டருடையது "வணக்கம், நெடுந்தீவிலை இருந்து கதைக்கிறன்" என்று தொடங்கும், முடியாது. மிஞ்சிய நாடா போதாவிட்டால் மங்களத்தின் மேலேயே பதிந்துவிடுவார். கேட்டால், "மங்களம் எல்லாக் கச்சேரியிலும் ஒண்டுதானே ரீச்சர்" என்பார். அந்த வருடம் நான் ஒரு மங்களத்தைக்கூட முழுதாகக் கேட்டதில்லை.

முதலாளியிடம் ஒரு கசெற் இருந்தது. மகளின் கலியாணத்தில், இதே புங்குடுதீவு வீட்டுப் பந்தலில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாதஸ்வரக்காரர் வாசித்த தோடி. முன்வரிசையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலாளியே பதிந்தது. டொக்டர் எத்தனையோ தரம் கேட்டும் அவர் கொடுத்ததில்லை. ஆவணி மாதம் ஒரு பின்னேரம் அதை ஒரு கைலேஞ்சியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"டொக்டரிட்டைக் குடுத்து ஒரு கொப்பி எடுப்பியுங்கோ ரீச்சர். நாடா தேய்ஞ்சு போச்சு, கீச்சிடுது."

"தோடியைத் தேய்ச்சே போட்டியள் அண்ணை" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கதிரையில் கொஞ்சம் நெளிந்தார். பிறகு, யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆலாபனை தொடங்கிக் கொஞ்சத்திலை என்ரை மனிசி வந்து என்னைக் கூப்பிடுறா. பந்தியிலை வடை காணாதாம். கலியாணப் படங்கள் எல்லாத்திலும் ஆள் ஒரு கரையிலை நிக்கிறா, ஒண்டிலும் முகம் வடிவாய் விழேல்லை. குரல் இது ஒண்டிலைதான் இருக்கு."

நான் கசெற்றைக் கைலேஞ்சித் துணியில் இன்னொரு தரம் சுற்றினேன்.

"டொக்டருக்குச் சொல்லாதையுங்கோ. தோடிக்கு நடுவிலை வடையோ எண்டு உந்த மனிசன் நக்கலடிக்கும். என்னாலை அதைத் தாங்க ஏலாது."

சத்தியம் செய்து கொடுத்தேன். அடுத்த நாள் நெடுந்தீவு வள்ளத்தில் வேலை செய்த அண்ணையிடம் கசெற்றைக் கொடுத்து, இருக்கிறபடியே கொப்பி எடுக்கட்டாம், கருத்து ஒன்றும் பதிய வேண்டாமாம் என்று டொக்டரிடம் சொல்லச் சொன்னேன். மங்களத்தைத் தின்கிற மனிதரிடம் வேறென்ன சொல்வது?

இரண்டு நாள் கழித்து வள்ளத்து அண்ணை பதில் கொண்டுவந்தார். "டொக்டர் கருத்துப் பதியேல்லையாம், ரீச்சர். ஆனால் நாடா முழுக்கச் சரியான குப்பையாம். துப்பரவாக்கித் தாறன் எண்டு சொல்லச் சொன்னவர்."

அந்த மனிதரின் அகராதியில் குப்பை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அன்றைக்கே போயிருப்பேன், பள்ளிக்கூடம் விடவில்லை. சனிக்கிழமை முதல் வள்ளத்தில் ஏறினேன். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மனுசி தன் கோழிக்கூடையைக் காப்பாற்ற என் மடியில் வைத்துவிட்டு, வெளியே தலையை நீட்டி நிம்மதியாகச் சத்தியெடுத்தார். சங்கீதத்துக்காகத் தஞ்சாவூருக்குப் போனவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். கோழியோடு நெடுந்தீவுக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

டொக்டர் வாசலிலேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வாங்கோ, வாங்கோ. உங்கடை சீவியத்திலை இப்பிடி ஒரு தோடி கேட்டிருக்க மாட்டியள்."

கதிரையில் இருத்தி, மெஷினைத் தட்டினார். நாதஸ்வரம் எழுந்தது. அழகாகத்தான் எழுந்தது. மெல்ல மேலே ஏறிக் காந்தாரத்தைத் தொடப்போன இடத்தில், திடீரென்று கீழே ஷட்ஜத்தில் நின்றது. மறுபடி ஏறியது, மறுபடி எங்கேயோ கிடந்தது. ஒரு பெரிய பிருகா நடுவிலேயே காணாமல் போனது. மாடிப்படியில் ஏறுகிறவனுக்கு இடையிடையே படியைக் களவெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி நொண்டியது அந்தத் தோடி.

"ஒரு இருமல் கேட்டதோ? ஒரு தம்ளர் சத்தம்? ஒரு பிள்ளை அழுதுதோ?" என்றார் டொக்டர். "சத்தம் வந்த இடமெல்லாம் வெட்டிப்போட்டன்."

"சத்தத்தோடை ராகத்தையும் எல்லோ வெட்டிப்போட்டியள்!"

"அழுகின பக்கத்தை வெட்டேக்கை நல்லதிலும் கொஞ்சம் போகத்தான் செய்யும், ரீச்சர். எங்கடை தொழிலிலை அது வழமை."

"முதலாளியின்ரை கசெற் எங்கை?"

"இதுதான் அது" என்றார், ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டி. "துப்பரவானதை வேறை கசெற்றிலை எடுத்து, பேந்து இதிலையே திருப்பிப் பதிஞ்சிட்டன். நல்ல பொருள் அதின்ரை சொந்த வீட்டிலை இருக்கவேணும்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. செய்த சத்தியம் எங்கேயோ பறந்துபோயிற்று. "அந்தக் குப்பையிலை முதலாளியின்ரை மனிசி இருந்தவ!" என்று கத்தினேன். "செத்துப்போன மனிசி! அவவின்ரை குரல் வேறை ஒரு இடத்திலையும் இல்லை. நீங்கள் வெட்டி எறிஞ்சிட்டியள்!" வெளியே மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் மெஷினை நிறுத்தினார். முகத்தில் இரத்தம் இல்லை. பிறகு அலுமாரியைத் திறந்து, மருந்துப் போத்தல்களுக்குப் பின்னால் இருந்து இன்னொரு கசெற்றை எடுத்தார்.

"எறியேல்லை" என்றார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதில்லை. "வெட்டினதை எல்லாம் இதிலை சேர்த்து வைச்சனான். உங்கடை பள்ளிக்கூடத்திலை போட்டுக் காட்ட. கச்சேரி கேக்கேக்கை என்னென்ன செய்யக்கூடாது எண்டு பிள்ளையளுக்குத் தெரியவேணுமெல்லோ."

அதைப் போட்டுக் கேட்டோம். இருமல், தும்மல், கதிரை இழுபடுகிற சத்தம், பின்னால் துண்டு துண்டாய்த் தோடி. நடுவே முதலாளி வீட்டு அக்காவின் குரல், வடையோடு. எனக்குப் போன உயிர் வந்தது. மிச்சத்தை வேகமாக ஓடவிட்டோம். கடைசியில் டொக்டரின் குரல்: "வணக்கம், நெடுந்தீவிலை இருந்து கதைக்கிறன். வடைக்கு அலைகிற இந்தப் பொம்பிளையைப் பந்தலுக்கு வெளியாலை விட்டிருக்கவேணும்..."

"ஐயோ" என்று டொக்டர் பாய்ந்தார். "இதை அழிச்சிடுவம்."

"தொட்டியளெண்டால் பாருங்கோ!" நான் மெஷினுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். அழிக்கப் போகிறவர் எதை அழிப்பார் என்று யார் கண்டது? கருத்து தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம் என்று முடிவுசெய்து, மத்தியான வள்ளத்தில் இருவருமாகப் புறப்பட்டோம். வழி முழுக்க அவர் கசெற்றைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தார். கடல்தண்ணீர் தெறித்து நனைந்தது அவருடைய முதுகுதான்.

முதலாளி விறாந்தையில் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். டொக்டர் பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளைபோல நின்றார். முதலாளி அவரை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "குரல் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப போடுங்கோ."

டொக்டர் றேடியோவுக்குப் பக்கத்தில், நிறுத்துகிற பொத்தானில் விரலை வைத்தபடி, நிலத்தில் குந்திக்கொண்டார்.

முதலில் இருமல்கள். அடுத்து அந்தக் குரல், மைக்குக்குக் கிட்ட, பளிச்சென்று.

"இஞ்சருங்கோ. பந்தியிலை ஆக்கள் இருந்திட்டினம். வடை காணாது. ஒருக்கா எழும்பி வாங்கோ."

"பொறும், தோடி முடியட்டும்" என்றது கசெற்றில் முதலாளியின் குரல்.

மூவரும் சிரித்துவிட்டோம். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதுதான் ரீச்சர், இதுதான்" என்றார். வழக்கமாக அவர் அந்த இடத்தில் நாடாவைத் திருப்பிவிடுவார், அல்லது தோடிக்குள் இறங்கிவிடுவார். இப்போது இறங்குவதற்கு முழுசாகத் தோடி இல்லை. நாடா ஓடியது. யாரோ மூக்குச் சீறினார்கள். ஒரு குழந்தை அழுதது. பிறகு, தூரத்தில், மிக மெல்லியதாக:

"இஞ்சருங்கோ..."

முதலாளி நிமிர்ந்தார். "உது ஆர்?"

"அவதான்" என்றார் டொக்டர். "ஹெட்போனிலை கேக்கேக்கைதான் எனக்கும் பிடிபட்டது."

பாத்திரம் விழுந்த சத்தம். மறுபடி அதே குரல், இன்னும் கொஞ்சம் தள்ளி. பதில் இல்லை. பிறகு ஒரு பெரிய தும்மல். மறுபடி அந்தக் குரல். சங்கீதத்தை எடுத்துவிட்டால் அந்தப் பந்தலில் மிஞ்சியது ஒரு மனுசி புருசனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததுதான்.

"இவ்வளவு தரம் கூப்பிட்டவவோ?" என்று முதலாளி எங்களைக் கேட்டார். "எனக்கு ஒரு தரம்தானே கேட்டது. அண்டைக்கும் ஒரு தரம். பேந்து கசெற்றிலை எத்தினை நாள் கேட்டன், அப்பவும் ஒரு தரம்தான்."

கசெற்றில் ஓர் ஆணின் குரல், அவசரமாக: "நான் போய் ஆளை இழுத்துக்கொண்டு வரட்டோ, அக்கா?"

அதற்கு அந்த அக்கா சொன்னது தெளிவாகவே விழுந்திருந்தது. சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

"வேண்டாம், அவரைக் குழப்பாதையுங்கோ. ஆசையாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார். வடையை நான் பாக்கிறன்."

நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டேன். நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கதிரைகள் இழுபட்டன, யாரோ தண்ணீர் கேட்டார்கள். எது ஓடினாலும் முடியும்வரை அசையாத முதலாளி, கதிரைக் கையை ஊன்றி எழும்பி, எங்களைப் பாராமல், அன்றைக்கு வடை சுட்ட குசினிப் பக்கம் போனார்.