டீச்சரின் ஆள்காட்டி விரல்

எங்கள் டீச்சர் எப்படிப்பட்டவர் என்று ஆரம்பத்தில் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவ்வளவு ஆத்திரம் அவர்மேல் எனக்கு. அப்பப்பா, என்ன வாய்! என்ன கெடுபிடி!

நான் பஸ் டிரைவர். 'டிரைவராக இருந்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும், வாய் வரமாட்டேன் என்கிறது. கண் அழுத்த நோய் வந்து பார்வை இரண்டு ஓரத்திலிருந்தும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் பக்கத்தில் வந்த சைக்கிள்காரன் எனக்குத் தெரியவே இல்லை. அவன் பிழைத்தது அவனைப் பெற்றவள் செய்த புண்ணியம். அங்கேயே பஸ்ஸை ஓரங்கட்டி ஆட்களை இறக்கிவிட்டேன். வேறொரு டிரைவரை வரவழைத்து, டிப்போவுக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மிச்சமிருந்த பார்வையும் பிறகு போய்விட்டது.

அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்து சாப்பாட்டில் உப்பு இல்லை, ஃபேன் கத்துகிறது, செருப்பை எவன் நகர்த்தினான் என்று மனைவியின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் எவ்வளவுதான் பொறுப்பாள்?

"ஏங்க, ஒண்ணு நீங்க அந்த பிரெயில் கிளாஸுக்குப் போங்க. இல்லைன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கிளாஸ் ஒரு மருந்துக் கடையின் மாடியில் நடந்தது. படி குறுகல், ஏறும்போது தோள் சுவரில் உரசும். மேலே ஒரு நீள மேஜை, மரப் பெஞ்சுகள், தகர பீரோ. அறை முழுக்கத் தடிக் காகித வாசனையும் கீழேயிருந்து வரும் மருந்து நெடியும். வருகிறவர்கள் எல்லாம் என்னைப்போல வயசான பிறகு பார்வை போனவர்கள். டீச்சர் அப்படி இல்லை, பிறவியிலேயே பார்வையில்லாதவர். எனக்குச் சில வயசு இளையவர். கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். என்னை 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார். வேலை போனபிறகும் அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

பிரெயில் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சின்னச் சின்ன ஜன்னல் வைத்த சட்டத்துக்குள் தடிக் காகிதத்தை மாட்டி, ஊசியால் குத்த வேண்டும். ஒரு ஜன்னலுக்கு அதிகபட்சம் ஆறு புள்ளி. எந்தப் புள்ளி இருக்கிறது, எது இல்லை என்பதுதான் எழுத்து. குத்துவது இந்தப் பக்கம், புள்ளி எழும்புவது அந்தப் பக்கம். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிப்போட்டுக் குத்த வேண்டும். காகிதத்தை எடுத்துப் புரட்டினால் நேராக வரும். மறந்துபோய் நேராகக் குத்திவிட்டால் தொலைந்தது. நாலு ஆறாகிவிடும், ஐந்து ஒன்பதாகிவிடும்.

நாற்பத்தைந்து எழுதச் சொன்னார் ஒரு நாள். எழுதினேன். காகிதத்தைப் பிடுங்கி விரலை ஓட்டினார்.

"டிரைவர், உங்க பஸ்ஸுல எத்தனை சீட்டு?"

"நாப்பத்தஞ்சு டீச்சர்."

"இங்க அறுபத்தொம்பது பேரை ஏத்திருக்கீங்க. டயர் வெடிக்கப்போகுது, இறக்கிவிடுங்க."

பெஞ்சே குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இந்த வயசில், ஐம்பதைத் தாண்டியவன், ஒன்றாங்கிளாஸ் பிள்ளைபோல எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு நிற்கிறேன். ஆனால் அந்த விரலைச் சொல்லவேண்டும். வலது கை ஆள்காட்டி விரல். வரிமேல் அது ஓடும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும், நிற்கவே நிற்காது. நான் ஒரு எழுத்தைத் தடவித் தடவி மூச்சு முட்டுவதற்குள் அவர் பக்கத்தை முடித்துவிட்டுத் திட்ட ஆரம்பித்திருப்பார். ஒரு புள்ளி குறைந்தாலும் தெரியும். டீ குடிக்க எழுந்தால், "அந்த வரியை முடிச்சிட்டுப் போங்க, டீ எங்கயும் ஓடிடாது" என்பார். ராட்சசி என்று எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம்.

அந்த ராட்சசி என்னைப் படிக்க வைத்துவிட்டார். 'மழை' என்ற சொல் என் விரலுக்குக் கீழே முதன்முதலாக வந்த அன்று யார் உதவியும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒருத்தரும் எனக்குப் படித்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டீச்சரிடம் ஒரு மாற்றம் வந்தது. காகிதத்தைப் பிடுங்குவதை விட்டுவிட்டார். "வாய்விட்டுப் படிங்க, கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். பாடப் புத்தகம் அவருக்கு மனப்பாடம், நாங்கள் தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார். கணக்கு போட்டால் விடையைச் சொல்லச் சொல்லிவிட்டு 'சரி' என்பார். திட்டும் குறைந்தது. வயசாகுது, மனசு இளகிடுச்சு என்று நினைத்துக்கொண்டோம். எங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

எனக்கு மட்டும் திட்டு வாங்காமல் என்னவோபோல் இருந்தது. அவரைச் சீண்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாள், சொந்தமாக எதையாவது எழுதுங்கள் என்றபோது, இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'எங்கள் டீச்சர் ஒரு ராட்சசி. நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடமாட்டாள். இவளிடம் மாட்டிக்கொண்டு நாங்கள் படும் பாடு நாய்கூடப் படாது.'

கொடுத்துவிட்டு, வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தேன். விரல் வரிமேல் ஓடும் சத்தம் கேட்டது. மெதுவாக ஓடியது. முதல் வரி, இரண்டாவது வரி, கடைசிவரை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டிரைவர். ஒரு புள்ளிகூடத் தப்பில்ல."

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

மற்றவர்கள் படியிறங்கும் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன். "என்ன, வீட்டுக்குப் போக வழி தெரியலையா?" என்றார் டீச்சர். அந்தக் காகிதத்தில் என்ன எழுதினேன் என்பதை அப்படியே சொன்னேன். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாய்கூடப் படாதுன்னா எழுதியிருந்தீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர், விளையாட்டுக்கு..."

"சர்க்கரை நோய் டிரைவர். கால்லதான் முதல்ல மரத்துப்போச்சு. அப்புறம் விரல் நுனி. வலது கை போனதும் இடது கையால படிச்சேன், அதுவும் போச்சு. பத்து விரலையும் வச்சுப் பாத்துட்டேன். இப்போ எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் துணியைத் தொடற மாதிரிதான் இருக்கு."

"இப்பல்லாம் போனே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுதே டீச்சர்" என்று உளறினேன்.

"அது படிக்கும், நான் கேப்பேன். நான் படிக்கலையே." பிறகு சொன்னார்: "பொறந்ததிலேர்ந்து எனக்குக் கண்ணு இல்ல. அதை ஒரு குறையாவே நினைச்சதில்ல, ஏன்னா அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இப்பத்தான் டிரைவர் எனக்குக் கண்ணு போகுது."

அடக் கடவுளே என்று இருந்தது எனக்கு. இந்த மனுஷியையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம்! எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"நான் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன் டீச்சர். எல்லார் தாளையும் நான் தடவிப் பாத்து உங்க காதுல சொல்லிடறேன். யாருக்குத் தெரியப்போகுது? இங்க வர்றவங்க யாருக்கும்தான் கண்ணு தெரியாதே."

சிரித்துவிட்டார். அழுகையோடு கலந்து வந்த சிரிப்பு. பிறகு, எப்போதோ நான் அவரிடம் சொல்லியிருந்ததை நினைவில் வைத்துக் கேட்டார்:

"அந்த சைக்கிள்காரன் உங்களுக்குத் தெரியாமப் போனானே, அதுக்கப்புறம் கண்டக்டரைப் பக்கத்துல நிக்க வச்சு, லெஃப்ட்ல திருப்பு, ரைட்ல திருப்புன்னு சொல்லச் சொல்லி நீங்க பஸ் ஓட்டினீங்களா?"

"இல்ல டீச்சர்."

"நீங்க சாவியைக் குடுத்தீங்க இல்ல? நானும் குடுக்கணும். இவ்வளவு நாள் குடுக்காம இருந்ததே தப்பு. ஒருத்தர் தப்பா எழுதிப் பழகிட்டா, ஆயுசுக்கும் அந்தத் தப்பு அவங்க கையில நிக்கும்."

அடுத்த நாளே கிளாஸை நடத்தும் நிர்வாகியிடம் போய்ச் சொல்லிவிட்டார். நிர்வாகி நல்ல மனுஷர். "நீங்க கிளாஸ் எடுக்க வேண்டாம் டீச்சர். விருந்தாளிங்க வர்றப்ப மேடையில நாலு வார்த்தை பேசுங்க, போதும்" என்றாராம். "நான் என்ன பொம்மையா, கொலு வைக்கிற மாதிரி மேடையில வைக்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அந்தக் கோபம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் அதற்குப் பிறகு போக இடம் இல்லை. அண்ணன் வீட்டில் பின்பக்க அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பிரெயில் நூலகத்திலிருந்து அவருக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கிப் போனேன், நானே படித்துக் காட்டலாம் என்று. நான் படிக்கிற லட்சணம் தெரியுமே, ஒரு வரிக்கு ஒரு யுகம். கேட்டுக்கொண்டிருப்பார். நாற்காலியில் நெளிவது எனக்குக் கேட்கும். நடுவில் திட்டவே மாட்டார், நான் தப்பாகப் படித்தால்கூட 'சரி சரி' என்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "புஸ்தகம் இங்கயே இருக்கட்டும்" என்றார் ஒரு வாரம். விட்டுவிட்டு வந்தேன்.

மறுவாரம் வாசலிலேயே அவருடைய அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்களாவது கேளுங்க. புஸ்தகத்தை வாய்கிட்ட வச்சுக்கிட்டு நாள் பூரா உதட்டால தடவிக்கிட்டே கிடக்கறாங்க. பாக்கவே சகிக்கல. பிள்ளைங்க பாத்துட்டு, அத்தை பேப்பரைத் திங்கறாங்கன்னு சிரிக்குதுங்க. ஊரு என்ன சொல்லும்?"

உள்ளே போனேன். "அண்ணி சொல்லிட்டாங்களா?" என்றார் டீச்சர். "உதட்டுல உணர்ச்சி இருக்கு டிரைவர். கீழ் உதடு. சூடா டீ குடிச்சப்ப ஒரு நாள் தோணுச்சு. வச்சுப் பாத்தேன், தெரிஞ்சுது. ஒவ்வொரு புள்ளியும் தெரிஞ்சுது!" குரலில் அப்படி ஒரு துள்ளல். நான் அவர் அழுதும் கேட்டிருக்கிறேன், அப்படித் துள்ளி அதுவரை கேட்டதில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் நூலகத்தில் சண்டை. ஈரம் பட்டால் காகிதம் ஊறி, எழும்பி நின்ற புள்ளி உட்கார்ந்துவிடும். ஒருமுறை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். டீச்சர் படித்திருந்த பக்கங்களை நூலகர் தடவிப் பார்த்து, "என்னங்க இது, பாதி புஸ்தகம் மொட்டையா இருக்கு? இன்னொரு தடவை இங்கே வராதீங்க" என்றார். நானும் பதிலுக்குக் கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் புத்தகத்தை இனி யாரும் படிக்க முடியாது. எங்கேயாவது ஒருத்தர் அதற்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

டீச்சரிடம் போய் இதைச் சொன்னேன். "இனிமே யார் புஸ்தகத்தையும் தொடமாட்டேன்" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் சட்டத்தையும் ஊசியையும் எடுத்து நானே உட்கார்ந்தேன். கதை எழுத எனக்கு எங்கே தெரியும்? நான் ஓட்டிய ரோட்டைப் பற்றி எழுதினேன். டிப்போவிலிருந்து கிளம்பினால் எது முதலில் வரும், பாலத்துக்கு முன்னால் எங்கே கியரைக் குறைக்க வேண்டும், விடிகாலையில் கண்ணாடிக்கு எதிரே ரோடு எப்படி இருக்கும் என்று. ஒரு பக்கம் எழுதவே வாரம் முழுக்க ஆயிற்று. விரல் வீங்கிவிட்டது. "பரீட்சைக்கா எழுதறீங்க?" என்று கேலி செய்துகொண்டே மனைவி எண்ணெய் தடவிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் எழுந்து முதலில் கதவைச் சாத்தினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து காகிதத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். லேசாக உரசுகிற சத்தம், நடுநடுவே மூச்சு. நிற்கும், மறுபடி தொடங்கும். அண்ணி முன்பே கொண்டுவந்து வைத்திருந்த டீ ஆறிப்போயிற்று. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பக்கம். அந்தக் காலத்தில் நான் மூச்சுவிடுவதற்குள் அவர் விரல் முடித்துவிடக்கூடிய பக்கம்.

"பாலத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தையை விட்டுட்டீங்க டிரைவர்" என்றார். "அந்த வரியில அர்த்தமே வரல. கவனம் எங்க இருந்தது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "குடுங்க டீச்சர், இப்பவே திருத்திடறேன்" என்று கையை நீட்டினேன்.

காகிதம் என் கைக்கு வந்தது. நனைந்து தொளதொளவென்று இருந்தது. மேலிருந்து கீழ்வரை தடவினேன். திருத்துவதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

"டீச்சர், இதுல எல்லாம் அழிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை உங்களால படிக்க முடியாது."

"தெரியும் டிரைவர்" என்றார். "அதனாலதான் இவ்வளவு மெதுவா படிச்சேன்."