தங்கையின் ஈஸ்ட்

நான் பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்த வருடம், அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். மேலே படிக்காமல் கோலாரில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். சில வருடங்கள் கழித்து என் தங்கை எம்.எஸ்ஸி. முடித்து, பெங்களூருக்கு ஆராய்ச்சிக்கே போய்விட்டாள்.

அதுவரை அப்பா எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார். இப்போது அவள் ஊருக்கு வந்தாலே நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

“பன்னுக்குப் போடுவாங்களே, அந்த ஈஸ்ட்லயா ஆராய்ச்சி? அதுல இன்னாம்மா கீது?”

“நெறைய கீதுப்பா. ஒவ்வொரு செல்லும் உள்ள புரோட்டீன் செய்யுது. எது எங்க போவணும்னு அதுலயே ஒரு அடையாளம் இருக்கும். செல்லு அதைப் பாத்து, சின்னப் பையில போட்டு அனுப்பும். அந்த அடையாளத்தைப் பாக்குற வேலைக்கான ஜீன் கெட்டுப்போனா, உள்ள இருக்க வேண்டியது வெளிய போயிடும்.”

“நம்ம கேஜ்ல வந்தவன் தப்பான லெவல்ல எறங்குன மாதிரி!” சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டைச் சொல்லி அப்பா சிரித்தார். சுரங்கத்தைப் பற்றி அவர் சிரித்துப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

தசரா விடுமுறையில் அவள் வற்புறுத்தி என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். தட்டில் வளர்ந்த ஈஸ்ட் புள்ளிகள் மேல் மெல்லிய தாளை ஒற்றி எடுத்துச் சாயமேற்றியிருந்தாள். ஜீன் கெட்டு, புரோட்டீனை வெளியே விட்ட புள்ளி மட்டும் கருப்பாகத் தெரியுமாம்; அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட இல்லை என்று தாளைத் தள்ளி வைத்தாள். நான் எடுத்துப் பார்த்தேன்.

“ஓரத்துல மங்கலா ஒரு கருப்பு கீதே, இது இன்னா?”

அவள் குனிந்து பார்த்தாள். “அக்கா!” என்று கத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ, இந்த மேசை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வந்தது.

மறுபடி சோதித்தபோதும் அந்தப் புள்ளி கருத்தது. அடுத்த முறை வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவிடம் சொன்னாள்: “அக்காதான்பா கண்டுபுடிச்சா. எப்டின்னு அவளையே கேளுங்க.”

அப்பா என் பக்கம் திரும்பினார். தாளை ஒற்றியது முதல் கருத்த புள்ளி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் தங்கையைப் பார்த்தார்.

“சரியா சொல்றாளா?”