சிதம்பரத்து அரிசி

கடலூரில் எங்கள் சபையின் பிடியரிசிப் பொறுப்பு இப்போது என் கையில் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். சனிக்கிழமை அதையெல்லாம் வசூல் செய்து, இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். பத்து வயதிலேயே எங்கள் தெரு வசூல் முழுக்க நான்தான்.

அந்த வயதில் கொஞ்சம் அதிகாரமாகத்தான் நடந்துகொண்டேன். ரெட்டைப் பின்னலும் தோளில் துணிப்பையுமாகக் கிளம்பினால் தாசில்தார் வருகிற மாதிரி இருக்கும். யார் வீட்டில் பொன்னி, யார் வீட்டில் ரேஷன் அரிசி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெருக்கோடி டீச்சர் வீட்டில் சர்க்கரை வியாதி, அதனால் சிவப்பரிசி. அதைச் சமைக்கிற வீடு தெருவிலேயே அது ஒன்றுதான். எல்லாம் ஒரே பையில் விழும். பையைப் பாஸ்டரம்மாவிடம் ஒப்படைத்தால் என் வேலை முடிந்தது. அப்புறம் அது யார் வீட்டுக்குப் போகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. சபையில் யாரும் கேட்டதும் இல்லை.

அப்பா நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் டிராக்டர் பள்ளத்தில் சாய்ந்ததில் கால் முறிந்து, மாவுக்கட்டோடு மாசக்கணக்கில் படுத்துவிட்டார். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ரேஷன் அரிசி பாதி மாசத்தில் தீர்ந்துவிடும். ஆனாலும் பட்டினி கிடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சிதம்பரத்திலிருந்து மாமா அரிசி அனுப்புகிறார் என்று அம்மா சொல்லியிருந்தாள். மாமாவுக்குக் கீழவீதிப் பக்கம் ஒரு பஞ்சர் கடை. பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சைக்கிள் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தேன்.

அரிசிதான் வினோதமாக இருந்தது. ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்துக்கொண்டு நிற்கும், நடுவில் சிவப்பாக ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். கடைக்காரன் மாமாவை நன்றாக ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன்.

பாஸ்டரம்மா திங்கட்கிழமைதோறும் வருவார். பாடகர் குழுவின் அங்கிகளை மூட்டையாகக் கட்டி அம்மாவிடம் தைக்கக் கொடுப்பார். ஒருநாள் ஓடிப்போய் மூட்டையை வாங்கப் பார்த்தேன். என்னால் அசைக்க முடியவில்லை. “கனம் ஜாஸ்தி, நீ உடு கண்ணு” என்று அவரே உள்ளே கொண்டுபோனார். வாராவாரம் இத்தனை அங்கி கிழிகிற அளவுக்கு அப்படி என்ன பாடுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சொந்த வீடு என்று நான் சலுகை காட்டியதில்லை. ஒரு சனிக்கிழமை அம்மாவின் டப்பாவை எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

“என்னாம்மா, இவ்ளோதானா? இல்லாதவங்களுக்குக் குடுக்குறது. இன்னும் ரெண்டு பிடி போடு.”

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா பானைக்குள் கையை விட்டு, இரண்டு பிடி நிறைய அள்ளிப் போட்டாள்.

மறுநாள் அப்பாவைப் பார்க்க மாமா வந்தார். அம்மா சோறு போட்டாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாமா, நீங்க அனுப்புற அரிசி நல்லாவே இல்ல. செவப்பு அரிசியெல்லாம் கலந்து கெடக்கு.”

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணனுக்குத் தன் கஷ்டம் தெரியக் கூடாது என்று அவள் மாசக்கணக்கில் காத்து வைத்திருந்ததை நான் ஒரே நிமிஷத்தில் போட்டு உடைத்திருந்தேன். மாமா சோற்றைக் கிளறிப் பார்த்தார். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஆமா பாப்பா, கடக்காரன் ஏமாத்திட்டான். அடுத்த தடவ பாத்து வாங்கி அனுப்புறேன்.”

தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கிளம்பும்போது வாசலில் அம்மாவிடம், தனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “உன் வீட்லயும் நாலு வயிறு இருக்குதுண்ணா” என்றாள் அம்மா. மாமா வீட்டு வயிறுகளைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வாரமே சிதம்பரம் பஸ்ஸில் ஒரு மூட்டை வந்தது. பொன்னி, வெள்ளை வெளேர் என்று, ஒரு சிவப்புப் பருக்கைகூட இல்லாமல். சனிக்கிழமை அம்மா டப்பாவைத் தலைதட்டி நிரப்பிக் கொடுத்தாள். எல்லாம் என் புகாரால் நடந்தது என்று வசூலுக்குப் போன வீடெல்லாம் சொன்னேன். டீச்சர் வீட்டிலும் சொன்னேன். அவர்கள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் சபையில் எனக்கு இன்றைக்கும் பெருமையான விஷயம் அந்தச் சிரிக்காத முகங்கள்தான்.

அம்மாவை நினைத்தால் அதைவிடப் பெருமை. வாங்கிச் சாப்பிட்ட வீடுதான் எங்களுடையது. ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பை எங்கள் வாசலைவிட்டு வெறுமனே போனதில்லை. இப்போது மூட்டை கட்டும்போது நானும் மேலே நாலு பழைய அங்கியைப் போட்டுத்தான் கட்டுகிறேன்.

மாமாவின் பொன்னி வந்த பிறகு வந்த திங்கட்கிழமை, பாஸ்டரம்மா கொண்டுவந்த மூட்டையை நான் விடாப்பிடியாக வாங்கினேன். ஒரே கையில் தூக்கிவிட்டேன். எனக்குப் பலம் கூடிவிட்டது என்று அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.